மூணு ஏழு எப்படித் தோற்கும்?

போன தீபாவளி இரவு, கேமரன் மலையில், பெரியப்பா வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி பெரியப்பா. பிரதிவாதி என் சித்தப்பா மகன். வழக்குக்குக் காரணம் மூன்று ஏழுகள்.

எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் தோட்டத்துக் குடும்பம். பாட்டி கொழுந்தெடுத்தார், அம்மா கொழுந்தெடுத்தார், அப்பாவும் பெரியப்பாவும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். 1995இல் நாங்கள் ஈப்போவுக்கு இறங்கி வந்துவிட்டோம். பெரியப்பா மட்டும் மலையை விடவில்லை. அவர் மகனுக்கும் தோட்டத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. அதனால் தீபாவளி என்றால் எல்லாக் கார்களும் மேலே ஏறும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து நடுங்கி, மத்தியானம் ஆட்டுக்கறி தின்று, சாயங்காலம் பிள்ளைகள் அங்பாவ் உறைகளை எண்ணி முடித்த பிறகு, கூடத்தில் பழைய கம்பளி ஒன்றை விரிப்போம். அதன்மேல் சீட்டுக்கட்டு வந்து விழும்.

எங்கள் வீட்டில் காசு வைத்து ஆடக்கூடாது. கச்சான்தான் காசு. ஆளுக்கு ஒரு குவியல். பெரியப்பா தன் முதலீட்டைத் தின்றுகொண்டே ஆடுவார் என்பதால் அவருக்கு மட்டும் அடிக்கடி கடன் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சட்டத்தைப் போட்டது என் அம்மா. ஏன் போட்டார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வழக்கமாக ஆடுவது மூணு சீட்டு. இந்த முறை சித்தப்பா மகன், "பெரியப்பா, போக்கர் ஆடலாம். உலகமே அதான் ஆடுது" என்றான். கல்லூரியில் படிக்கிறான், உலகத்தைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு. டெக்சஸ் ஹோல்டம் என்கிற வகையைச் சொல்லிக் கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு. அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம். கையில் உள்ள இரண்டும் தரையில் உள்ள ஐந்துமாக ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவதோ நான்காவதோ ஆட்டம். பெரியப்பா கையில் ஏழு ஜோடி. தரையில் விழுந்த முதல் மூன்று: ஆட்டின் ஏழு, ஆட்டின் ராஜா, கிளாவர் இரண்டு. பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயில் போட்ட கச்சானை மெல்ல மறந்துவிட்டார். ஆனால் பந்தயத்தை ஏற்றவில்லை. தம்பி இரண்டு கச்சான் போட்டால் இவரும் இரண்டு. பூனை மாதிரி பதுங்குகிறாராம். அடுத்த சீட்டு ஆட்டின் ஜாக்கி. தம்பி பத்து போட்டான். இவர் இருபது போட்டார். தம்பி குவியலையே தள்ளினான். இவரும் தள்ளினார். கடைசிச் சீட்டு யாருக்கும் உதவாத ஒரு மூன்று. பெரியப்பா சீட்டைக் கம்பளியில் அறைந்து, "மூணு ஏழு! எடுறா!" என்றார்.

தம்பி கையில் ஆட்டின் ஆஸும் ஆட்டின் ஒன்பதும் இருந்தன. தரையில் மூன்று ஆட்டின். மொத்தம் ஐந்து. கலர்.

"கலர் மூணு ஏழை அடிக்குமா? எந்த ஊரு நியாயம்டா இது? மூணு ஏழு எப்படித் தோக்கும்?"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாற்பது வருடமாக மூணு சீட்டு ஆடியவர். அதில் மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் அதற்கு மேல் தெய்வம்தான். ரன்னோ கலரோ அதன் கிட்டே வர முடியாது. போக்கரில் அதே மூன்று, நடு வரிசையில் நிற்கிற ஒரு சாதாரண பலசாலி. ரன், கலர், மூன்றோடு ஜோடி சேர்ந்த ஃபுல் ஹவுஸ், நாலும் ஒன்று என்று அதை அடிக்க வரிசையாக ஆள் இருக்கிறது.

நான் கோலாலம்பூரில் கணக்குத் தணிக்கை செய்கிறவள். தகராறு என்றால் எண்ணிப் பார்த்துவிடுவது தொழில் புத்தி. பால்மாவுக் கணக்கு எழுதிய காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினேன். 52 சீட்டில் மூன்று சீட்டை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் மூன்றும் ஒரே எண்ணாக வருவது 52 விதம் மட்டுமே. 425 தடவைக்கு ஒரு தடவை. அதனால் அங்கே அதற்கு ராஜ மரியாதை. போக்கரில் ஏழு சீட்டிலிருந்து ஐந்தைப் பொறுக்குகிறோம். ஐந்து பொதுச் சீட்டும் விழும்வரை யாரும் விலகாமல் இருந்தால், 100 கைகளில் ஏறக்குறைய ஐந்து கைகள் மூன்றும் ஒன்றாகத்தான் முடியும். கலரோ மூன்று கைதான். பெரும்பாலும் அரிதாக வருவது பெரியது. சீட்டாட்டத்தின் வரிசையை யாரோ ஒரு தொரை உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதவில்லை. மூணு சீட்டில் ரன் கலரை அடிக்கும், போக்கரில் கலர் ரன்னை அடிக்கும், அதற்கும் இதே காரணம்தான்.

"நாங்க ஆயுசு முழுக்க ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு மூணு மூணாத்தான் கிள்ளினோம். எங்களுக்கு யாரு ராஜ மரியாதை குடுத்தா?" என்றார் பெரியம்மா, அடுப்படியிலிருந்து. வழக்கு சிரிப்பில் கொஞ்சம் தணிந்தது.

ஆனால் பெரியப்பா தோற்றதற்கு வரிசை மட்டும் காரணமில்லை. ஆடிய விதமும்தான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழக விடுதி. 2008 வாக்கில் எங்கள் விடுதியில் போக்கர் பைத்தியம் பிடித்திருந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் ஒரு சின்னப் போட்டியில் ஜெயித்து, அதன் வழியாக உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்ற கதை எல்லோருக்கும் மனப்பாடம். கணக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட ஆபத்தான கதை வேறு வேண்டுமா? அதிலும் அந்த ஆளின் குடும்பப் பெயரே 'பணம் பண்ணுகிறவர்'!

ஒரு ராத்திரி என் கையில் எட்டும் ஆறும். தரையில் இரண்டு எட்டு, ஒரு ராணி. மூன்று எட்டு! நானும் பெரியப்பா பேத்திதான் என்பதுபோல உள்ளுக்குள் குதித்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். தரையில் கிடக்கிற ஜோடி ஊருக்கே தெரியும். எதிரில் இருந்தவளும் பயப்படாமல் பந்தயம் ஏற்றினாள் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அவளிடம் எட்டும் ஆஸும். இரண்டு பேருக்கும் மூன்று எட்டு. பக்கத்துச் சீட்டு யாருக்குப் பெரியதோ அவருக்கு வெற்றி. என் ஆறு அவளுடைய ஆஸைப் பார்த்து எதுவும் பேசவில்லை. 180 வெள்ளி, அந்த மாதச் சாப்பாட்டுக் காசு. மிச்ச நாளெல்லாம் மெகி மீ. வீட்டுக்குச் சொல்லவில்லை.

கையில் ஜோடி இருந்து தரையில் ஒன்று வந்து சேர்வது வேறு. அது யாருக்கும் தெரியாத மூன்று. பெரியப்பாவுக்கு வந்தது அதுதான், போக்கரில் ரொம்ப ருசியான கை. கையில் ஜோடி வைத்திருப்பவனுக்கு முதல் மூன்று பொதுச் சீட்டில் அது கிடைக்க எட்டரைக்கு ஒரு வாய்ப்பு. அதாவது ஒவ்வொரு தடவையும் ஐந்து வெள்ளி கொடுத்துக் காத்திருந்தால், ஒரு தடவை கிடைப்பதற்குள் நாற்பது வெள்ளிக்கு மேல் போயிருக்கும். எதிராளி முன்னால் அதைவிடப் பல மடங்கு குவிந்திருந்து, அதை அவன் கொடுக்கவும் தயாராக இருந்தால்தான் காத்திருந்ததற்குப் பலன். கிடைத்த பிறகு தரையைப் பார்க்க வேண்டும். சீட்டுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தால் பதுங்கலாம். ஒரே சாதியில் இரண்டு கிடந்தால் பதுங்கக்கூடாது. அந்த இரண்டு ஆட்டினைப் பார்த்ததுமே பெரியப்பா கச்சானை அள்ளி வீசியிருக்க வேண்டும். தம்பிக்குக் கலர் சேர மூன்றில் ஒரு வாய்ப்புதான் இருந்தது. அந்த வாய்ப்பை இரண்டே கச்சானுக்கு அவனுக்கு விற்றுவிட்டார். கலர் விழுந்த பிறகும் அவர் கதை முடிந்துவிடவில்லை. தரையில் ஒரு ஜோடி சேர்ந்திருந்தால் ஃபுல் ஹவுஸ். 46 சீட்டில் பத்து சீட்டு அவரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதை நம்பிக் குவியலைத் தள்ளுவது வேண்டுதல், ஆட்டமில்லை.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்க, "இதெல்லாம் எனக்கு எதுக்கு? மூணு ராஜாவோட விலை உங்கப்பனுக்குத்தானே தெரியும்" என்றார்.

வாசலில் அப்பா ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். நான் பார்த்து அப்பா சீட்டைத் தொட்டதில்லை. கச்சானுக்குக்கூட.

கதை எனக்குத் தெரியும், அம்மா சொன்ன அளவுக்கு. 1992, சம்பள இரவு. எனக்கு நாலு வயது. ஐந்தாறு பேர் மூணு சீட்டு. கடைசியில் அப்பாவும் பக்கத்து லயத்து மாமாவும் மட்டும் மிஞ்சினார்கள். அப்பாவிடம் மூன்று ராஜா. மாமா விடவில்லை, அப்பாவும் விடவில்லை. மாமாவின் மாதச் சம்பளம் 240 வெள்ளி போனது. மாமா எழுந்து வீட்டுக்குப் போய் எதையோ கைக்குள் மூடிக்கொண்டு வந்தார். அத்தையின் தோடு. தங்கத்தோடு, ஊரிலிருந்து அவருடைய அம்மா கப்பலில் வந்தபோது போட்டுக்கொண்டு வந்தது. அதுவும் போனது.

மறுநாள் காலை பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் அத்தை. காதில் விளக்குமாற்று ஈர்க்குச்சி. அம்மா அன்று எடுத்த கொழுந்து நிறுவையில் பாதிகூடத் தேறவில்லையாம். சாயங்காலமே தோட்டை எடுத்துக்கொண்டு போனார். மாமா வாசலிலேயே நிறுத்தி, "ஆட்டத்துல போனதத் திருப்பி வாங்குற பரம்பரை இல்லம்மா நாங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை இப்படி. பிறகு அம்மா போகவில்லை. தோடு ஒரு மைலோ டின்னுக்குள் போனது. எங்களோடு ஈப்போவுக்கு வந்தது. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. டின் இப்போது அப்பாவின் அலமாரியில்.

திருவள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பள்ளியில் படித்தபோது கவனிக்கவில்லை. தோற்றவனைப் பற்றி நிறைய வரும், ஆனால் முதல் குறள் ஜெயித்தவனைப் பார்த்துச் சொன்னது. ஜெயித்ததும் தூண்டில் முள்தான் என்கிறார். அப்பாவின் தொண்டையில் அந்த முள் இருப்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் குத்தியிருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

இன்னொரு விஷயம் இங்கே சொல்லலாம். நம் நாட்டில் உரிமம் பெற்ற ஒரே கசினோ கெந்திங்கில் இருக்கிறது. 1971இல் அங்கே முதல் ஹோட்டலைத் திறந்த லிம் கோ தோங்குக்கு அந்த எண்ணம் வந்தது எங்கள் கேமரன் மலையில்தான். 1960களில் இங்கே நீர்மின் திட்டத்துக்குக் குத்தகை வேலை செய்துகொண்டிருந்தபோது, குளிருக்காக ஜனங்கள் வருவதைப் பார்த்து, இப்படி ஒரு மலை கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன என்று யோசித்தாராம். எங்கள் தோட்டத்தில் யாரும் அங்கே போய்த் தோற்கவில்லை. அதற்கு லயத்துத் திண்ணையே போதுமானதாக இருந்தது.

எல்லோரும் படுத்த பிறகு நான் காகிதத்தையும் டம்ளர்களையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மூணு ராஜா எத்தனைக்கு ஒண்ணு வரும்?"

"5,525க்கு ஒண்ணு, அப்பா."

"அவன்கிட்ட டைமண்ட்ல ஏழு, எட்டு, ஒம்பது இருந்துச்சு."

எனக்கு இது புதிது. ஒரே சாதியில் ரன். மூணு சீட்டில் இரண்டாவது பெரிய வகை. இத்தனை வருடம் யாரும் மாமாவின் கையில் என்ன இருந்தது என்று சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. தோற்றவரின் சீட்டை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"நான் இத்தன வருஷமா என்ன நெனச்சேன்னா, அவனுக்குப் புத்தி இல்ல. எங்க நிறுத்தணும்னு தெரியல. அவன் நிறுத்தியிருந்தா தோடு போயிருக்காது. நெனச்சது சரியா? கணக்குல பாத்துச் சொல்லு."

தொழில் புத்தி. யோசிக்காமல் பேனாவை எடுத்துவிட்டேன். மாமாவின் மூன்று சீட்டு போக 49 சீட்டு. அதிலிருந்து எதிராளிக்கு 18,424 விதமான கை வரலாம். அவற்றில் மாமாவை அடிக்கக்கூடியவை, மூன்றும் ஒன்றான கைகளையும் அவருடையதைவிடப் பெரிய ஒரே சாதி ரன்களையும் சேர்த்து, 65. ஏறக்குறைய 283க்கு ஒன்று.

"இல்லப்பா. அந்தக் கைய வச்சிக்கிட்டு யாரும் நிறுத்த மாட்டாங்க. நானா இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்."

அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைய அடிக்க?"

அதற்குள் அவர் எங்கே போகிறார் என்று புரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிடலாம் என்று தோன்றியது. "மூணு ஆஸ் மட்டும்தான்பா. அதே 18,424ல நாலே நாலு."

"அப்ப நான்தான் ஜெயிப்பேன்னு எனக்குத் தெரியும்."

"கிட்டத்தட்ட."

"ரெண்டு பேரு மிஞ்சினா யாரு வேணும்னாலும் ஷோ கேக்கலாம். எப்ப வேணும்னாலும். அம்பது வெள்ளியிலயே கேட்டிருக்கலாம். அவன் எழுந்து வீட்டுக்குப் போனான் பாரு, அப்பவாச்சும் கேட்டிருக்கலாம்." குல்லாவைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். "அவன் வர்ற வரைக்கும் உக்காந்து சுருட்டு குடிச்சிக்கிட்டிருந்தேன்."

நான் என்ன சொல்ல? 1992இல் நடந்ததற்கு இன்றைய வட்டிவிகிதத்தில் கணக்குப் போட முடியாது என்று அலுவலகத்தில் சொல்வதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் 180 வெள்ளியைச் சொன்னேன். விடுதியில் நடந்ததை, மெகி மீயை, எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு ஷோ கேக்கலியா?" என்று மட்டும் கேட்டார். போக்கரில் ஷோ கேட்பது கிடையாது என்றேன். "கெட்ட ஆட்டம்" என்றார்.

காலையில் நான் எழுந்தபோது அப்பா குளித்துச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். சட்டைப் பையில் ஏதோ காகிதப் பொட்டலம். மைலோ டின்னைத் திறந்து அதை எடுத்து ஈப்போவிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். இந்த வருடம் மட்டும்தானா, ஒவ்வொரு தீபாவளிக்கும் கொண்டுவந்து திரும்ப எடுத்துப் போனாரா என்று நான் கேட்கவில்லை. மாமா காலமாகிப் பல வருடங்களாகின்றன. அத்தை ரிங்லெட்டில் மகளோடு இருப்பதாகப் பெரியம்மா சொன்னார். முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வெறுங்கையோடு போகக்கூடாது.

தோட்டத்துச் சாலை ஒற்றைக் கார் போகிற அகலம். எதிரே லாரி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். சரிவில் இயந்திரத்தால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள், நமக்குத்தானே தீபாவளி. ஹாபு தாண்டி, அணைக்கட்டு நீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் கிடந்தது. அப்பா வழி முழுக்கச் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அத்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெரிந்ததும், "வாங்கண்ணே" என்று உள்ளே கூப்பிட்டார். என் கன்னத்தைத் தடவி, அம்மா ஜாடை என்றார். அம்மா இறந்ததற்கு வர முடியாமல் போனதைச் சொல்லிக் கொஞ்சம் அழுதார். தேநீர் வந்தது. அப்பா அதைக் குடித்து முடிக்கும் வரைக்கும் எதுவும் பேசவில்லை. பிறகு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்து, கையால் தள்ளினார்.

"நான் அப்பவே ஷோ கேட்டிருக்கணும்மா" என்றார்.

அத்தைக்கு ஷோ என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாதோ. பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய காதுகளில் இப்போது சின்னதாக வேறு தோடு இருந்தது. சுவரில் மாமா படத்துக்குப் போட்டிருந்த மின்விளக்கு மாலை விட்டு விட்டு எரிந்தது.

"ஒரு திருகாணியக் காணோமேண்ணே" என்றார்.

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். காகிதத்தை உதறினார். பிறகு குனிந்து, மேசைக்கடியில் தேட ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.